நண்பரின் காரை ஓட்டும்போது விபத்து... இன்சூரன்ஸ் யாருக்குக் கிடைக்கும்?

ராயபுரத்து நண்பரிடம் காரை வாங்கிக்கிட்டு எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போறீங்க. விபத்து நடந்தால்?

இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான். உரிமையாளர் சம்மதமும் உங்களிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருந்தால், அடுத்தவர் ஓட்டினார் என்பதற்காக மட்டும் க்ளெய்மை மறுக்க முடியாது. அடிபட்ட மூன்றாம் நபருக்கு தேர்டு பார்ட்டி பாலிசி இழப்பீடு தரும். கார் சேதத்துக்கு ஃபுல் கவர் வேண்டும். க்ளெய்ம் செய்தால் நண்பரின் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும், அந்தச் சங்கடம் தனி. பெட்ரோல் போட்டுக் கொடுப்பது வேறு. அவர் வாடகை வாங்கியிருந்தால் சிக்கல்.

உண்மையான ஓட்டை, ஓட்டியவருக்குத்தான். கட்டாய விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய், பாலிசி வாசகப்படி பதிவு பெற்ற உரிமையாளருக்கானது. இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர், மூன்றாம் நபர் அல்ல என்று நிங்கம்மா வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ராஜஸ்தானில் இரவல் பைக்கில் போய் இறந்தவரின் குடும்பத்துக்கு, அந்த பைக்கின் பாலிசியில் 1 லட்சம் ரூபாய்தான் கிடைக்கும் என்று 2020-ல் தீர்ப்பானது.

தவறு லாரி மேல் என்றால், லாரியின் இன்சூரன்ஸில் இழப்பீடு கேட்கலாம். தவறு உங்கள் மேல் என்றால், உங்கள் பெயரில் தனியாக எடுத்த விபத்து பாலிசிதான் கைகொடுக்கும்.