இருபது சென்டிமீட்டர், இருபத்தெட்டு சென்டிமீட்டர்

சமதளமான புல்தரை. மட்டையை 20 சென்டிமீட்டர் பின்னால் இழுத்துத் தட்டினால் கோல்ஃப் பந்து 3 மீட்டர் உருண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழி 6 மீட்டரில் இருந்தால் எவ்வளவு இழுக்க வேண்டும்? 40 என்று சொல்லத்தான் வாய் வரும். அப்படி இழுத்தால் பந்து 12 மீட்டர் ஓடிவிடும். சரியான விடை 28.

சென்னை அண்ணா சாலையில் நந்தனத்தைத் தாண்டும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காஸ்மோ கோல்ஃப் மைதானத்தில் புதிதாக மட்டை பிடிப்பவர்களைக் குழப்புவது இந்தக் கணக்குதான்.

ஊஞ்சலை மெல்ல ஆட்டினாலும் கொஞ்சம் வீசி ஆட்டினாலும் ஒருமுறை போய்வர ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். எல்லா ஊசலுக்கும் உள்ள குணம் இது. நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1821இல் சென்னையின் புவியீர்ப்பை அளந்ததும் ஊசலை வைத்துத்தான். தோளிலிருந்து தொங்கும் கையும் மட்டையும்கூட ஓர் ஊசலே. இரு மடங்கு தூரத்தை அதே நேரத்தில் கடக்க வேண்டுமானால் வேகமும் இரு மடங்காக வேண்டும். வேகம் இரட்டித்தால் பந்தின் ஆற்றல் நான்கு மடங்காகும். புல்லின் உராய்வோ ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரே அளவு ஆற்றலைத்தான் பிடுங்கும். ஆகவே பந்து நான்கு மடங்கு தூரம் ஓடும். தூரம் இரட்டிக்க இழுப்பை 1.4 மடங்காக்கினால் போதும்.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஐப்பசி மழையில் நனைந்த புல்லில் அந்த 20 சென்டிமீட்டர் போதாது. சித்திரை வெயிலில் காய்ந்த புல்லில் அதுவே அதிகம். ஆனால் 1.4 மாறுவதில்லை.

இவ்வளவும் ஆட்டக்காரரின் தாளம் மாறாதவரைதான். யேல் பல்கலைக்கழக இயற்பியலாளர் ராபர்ட் க்ரோபர் இதை அளந்து பார்த்திருக்கிறார். கைதேர்ந்தவர்களுக்கு மட்டையைப் பின்னால் கொண்டுபோக ஆகும் நேரம், முன்வந்து பந்தைத் தொட ஆகும் நேரத்தைப்போல் சுமார் இரு மடங்கு. குழி தள்ளிப்போனாலும் இந்த நேரங்கள் அதிகம் மாறுவதில்லை, வீச்சுதான் நீள்கிறது. புதியவர் பயந்துபோய்க் கடைசி நொடியில் வேகத்தைக் குறைக்கிறார், அல்லது வெட்டி இழுக்கிறார். அங்கேயே கணக்கு உடைந்துவிடும்.

பந்தைப் பறக்கவிடும் முழு வீச்சுக்கு இந்த விதி செல்லாது. அதில் இடுப்பு, தோள், கை, மணிக்கட்டு என்று ஒன்றையடுத்து ஒன்று வேகம் கூட்டுகிறது. மட்டை இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே இடுப்பு முன்னால் திரும்பத் தொடங்கிவிடும். நீள இழுத்தால் வேகம் சேர்க்க இடம் கிடைக்கும் என்பது உண்மைதான்; குறி தப்பவும் அதே அளவு இடம் கிடைக்கும். அமெரிக்காவின் ஜான் டேலி மட்டையின் தலை தரையைப் பார்க்கும் அளவுக்கு இழுப்பார், 1991இல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்றார். ஸ்பெயினின் ஜான் ராம் வலக்கால் பாதம் வளைந்து பிறந்தவர். அந்தக் கணுக்கால் போதுமான அளவு வளையாததால் பாதி வழியிலேயே இழுப்பை நிறுத்திவிடுவார். அந்தக் குட்டை வீச்சை வைத்தே 2021இல் அமெரிக்க ஓப்பனையும் 2023இல் மாஸ்டர்ஸையும் வென்றார்.