மறியல் என்றால் சிறை மட்டுமல்ல

அன்புவழிபுரத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். “மறியல் என்றால் சிறைதானே ரீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். எங்கள் பேச்சில் அதுதான் பொருள். வழியை மறித்து எதிர்ப்புக் காட்டுவதும் மறியல்தான் என்றேன். இப்படிச் சில சொற்களைப் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

சத்தியாக்கிரகம்: அடித்தாலும் திருப்பி அடிக்காமல் அநீதியை எதிர்ப்பது. 1956 ஜூன் 5இல் தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகக் காலிமுகத்திடலில் அமர்ந்த தமிழரசுக் கட்சியினர் காடையரால் தாக்கப்பட்டனர், கை ஓங்கவில்லை.

கறுப்புக்கொடி: துக்கத்தையும் மறுப்பையும் பேசாமலே சொல்வது. 1957 பெப்ரவரி 4, சுதந்திர தினத்தன்று, எங்கள் திருமலையில் அந்தப் போராட்டத்தில் நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மறியல்: 1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தொடங்கி, திருகோணமலைக் கச்சேரிக்கும் பரவியது.

சட்டமறுப்பு: ஒளிந்து அல்ல, எல்லோரும் பார்க்கச் சட்டத்தை மீறி, வரும் தண்டனையை ஏற்பது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழரசுக் கட்சி சொந்தமாக முத்திரை அச்சிட்டுத் தபால் சேவை நடத்தியது. உடனே அவசரகாலச் சட்டம் வந்தது; தலைவர்கள் பனாகொடை முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர். பிள்ளை சொன்ன மறியலும் அங்கே வந்துவிட்டது.

கவனயீர்ப்பு: 2017இல், அதே பெப்ரவரி 20இல், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள்.

அடிப்படை உரிமை: அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தருகிறது. சட்டம் அதற்கு வரம்பிடலாம். ஆனால் அரச அதிகாரிகள் அதை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். பயத்தில் இருக்கும் தாய்மாருக்கு முதலில் தெரியவேண்டியது இந்த ஒரு மாதக் கணக்குத்தான்.