வீட்டையே ஓட்டிக்கொண்டு சுற்றுலா போனால் எவ்வளவு ஆகும்... தெரியுமா?

கோபிசெட்டிபாளையத்தில் ‘கேரவன்’ என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை! வாய்க்கால் ஓரம், தென்னந்தோப்பு, வயல்வெளி என்று படப்பிடிப்பு நடந்து நடந்து ‘சின்னக் கோடம்பாக்கம்’ என்று பெயரெடுத்த ஊர் இது. இயக்குநர் பாக்யராஜ் பிறந்த வெள்ளாங்கோயில்கூடப் பக்கத்தில்தான்! நடிகர்கள் ஏறி இறங்கும் அந்த வண்டியில் நம் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு லீவுக்குக் கிளம்பினால்? கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாமே சக்கரத்தின் மேல்! செலவு குறையுமா, எகிறுமா?

அமெரிக்காவில் இதற்குப் பெரிய கணக்கே போட்டிருக்கிறார்கள், தெரியுமா? 2018-ல் சிபிஆர்இ நிறுவனம் செய்த ஆய்வு அது. நான்கு பேர் கொண்ட குடும்பம் வீட்டு வண்டியில் போனால், மற்ற வகைச் சுற்றுலாக்களைவிட 21 முதல் 64 சதவீதம் வரை மிச்சமாம்! இரண்டே பேர் என்றால் 8 முதல் 53 சதவீதம்! வண்டி வைத்திருக்கும் செலவையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு! (ஆய்வைச் செய்யச் சொன்னது வீட்டு வண்டித் தொழில்துறை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

எப்படி இவ்வளவு மிச்சம்? அறை வாடகை இல்லை! மூன்று வேளையும் ஓட்டல் பில் இல்லை! அவ்வளவுதான் ரகசியம்!

சரி, சுற்றுலாவுக்கென்றே செய்த வீட்டு வண்டி எப்போது பிறந்தது? 1885-ல்! கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், ‘வாண்டரர்’ என்ற வீட்டு வண்டியைச் செய்யச் சொல்லி வாங்கினார். எஞ்சினா? இரண்டு குதிரைகள்! ஏறக்குறைய 2,100 கிலோமீட்டர் பிரிட்டனைச் சுற்றினார். ஒரு வண்டிக்காரர், ஒரு பணியாள், ஒரு நாய், ஒரு கிளி எல்லாம் கூடவே! குறுகலான சாலைகளில் பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னால் போய், ‘வண்டி வருது, வழி விடுங்க’ என்று சொல்வாராம்!

உலகத்திலேயே பெரிய கேரவன் எது, தெரியுமா? 1990-ல் அபுதாபி ஷேக் ஒருவருக்காகச் செய்தது. 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், ஐந்து மாடி! 8 படுக்கையறை, 8 குளியலறை, 4 கார் நிறுத்துமிடம்! தண்ணீர்த் தொட்டி மட்டும் 24,000 லிட்டர்!

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். கோபியில் கிளம்பி, திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, மைசூரு, மடிக்கேரி போய்த் திரும்ப ஏறக்குறைய 600 கிலோமீட்டர். நான்கு நாள், மூன்று இரவு. விலைகளை நாமே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்.

சொந்தக் காரில் நான்கு பேர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் 40 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றால் 4,000. அறை ஓர் இரவுக்கு 2,500 வீதம் 7,500. மொத்தம் 11,500. தலைக்கு 2,875 ரூபாய்!

கேரவன் நாள் வாடகை 8,000 என்றே குறைத்து வைப்போம். நான்கு நாளுக்கு 32,000. தலைக்கு 8,000! டீசல் இன்னும் போடவே இல்லை!

அட, அமெரிக்காவில் மிச்சமானது இங்கே ஏன் தலைகீழாகிறது? அங்கே அறை வாடகை அதிகம், வண்டி பலருக்குச் சொந்தம். இங்கே அறை மலிவு, வண்டி அபூர்வம்! அதுவும் 2025 செப்டம்பர் 22 முதல், 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது!

சொந்தமாக வாங்கிவிட்டால்? 40 லட்சத்துக்கு ஒன்று வாங்கி, வருடத்துக்கு 20 நாள் வீதம் 10 வருடம் போகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 20,000 ரூபாய்! வண்டி ஷெட்டில் நிற்கும் நாள்தான் பணத்தைத் தின்கிறது!

அமெரிக்காவின் பேருந்து அளவு மோட்டார் வீடு லிட்டருக்கு எவ்வளவு ஓடும், தெரியுமா? மூன்று கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம்! மடிக்கேரி போய் வர 200 லிட்டர்! டீசல் 92 ரூபாய் என்றால் 18,400! கொடைக்கானலுக்கு ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு 2024 நவம்பரிலிருந்து அங்கே தடை!

பக்கத்துக் கேரளமோ துணிந்து இறங்கிவிட்டது! 2021-ல் ‘கேரவன் கேரளா’ கொள்கையை அறிவித்து, வாகமண்ணில் கேரவன் பூங்காவும் வந்துவிட்டது. ராத்திரி பத்திரமாக நிறுத்த இடம், தண்ணீர், மின்சாரம் எல்லாம் கிடைத்தால்தானே குடும்பத்தோடு தூங்க முடியும்?

  

ஆனால் உண்மையான அதிசயம் நம் தெருவிலேயே நிற்கிறது! பங்காளி, மாமன், மச்சான் என்று பன்னிரண்டு பேர் ஏறும் டெம்போ டிராவலர் வேன்! ‘டெம்போ’ என்ற பெயர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர நிறுவனத்திலிருந்து வந்தது, தெரியுமா? டிராவலரின் பூர்வீகமும் மெர்சிடிஸ் வேன்தான்!

கிலோமீட்டருக்கு 25 ரூபாய் பேசினால் 600 கிலோமீட்டருக்கு 15,000. மூன்று அறை, மூன்று இரவு 22,500. மொத்தம் 37,500. தலைக்கு 3,125 ரூபாய்! டிரைவர் பேட்டா, பர்மிட் தனி. இதே பன்னிரண்டு பேரும் நான்கு கட்டில் உள்ள கேரவனில் படுக்க வேண்டுமானால் மூன்று கேரவன் வேண்டும்! வாடகை மட்டும் 96,000!

இன்னும் குறைக்க வேண்டுமா? கேஸ் அடுப்பு, ஒரு பெரிய குண்டான், அரிசி, பருப்பு எல்லாவற்றையும் வேனிலேயே ஏற்றுங்கள். முதல் நாளுக்குக் கட்டுச்சோறு. மறுநாள் ஆற்றங்கரையில் சூடாக அரிசிம்பருப்புச் சோறு! அமெரிக்கக் குடும்பம் பல லட்சம் போட்டு வாங்கிய அடுப்பின் லாபம், வாடகை வேனிலேயே கைக்கு வந்துவிடும்!

ஒரு தடவை அனுபவிக்க ஆசையா? ஒரே ஓர் இரவு கேரவனை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், பிள்ளைகள் துள்ளுவார்கள்! வாங்க மட்டும் வேண்டாம். நான்கு பேர் என்றால் கார், பத்துப் பேருக்கு மேல் என்றால் வேன். பள்ளி லீவு விட்டதும் வேன் கிடைக்காது, இப்போதே சொல்லி வையுங்கள்!