இதயம் தளர்ந்தாலும் நடக்கலாம்!

டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்று எழுதிவிட்டால் போதும், அந்த மனிதரின் நடமாட்டத்துக்கு வீட்டில் தடை விழுந்துவிடும். ‘மாடி ஏறாதீங்க’, ‘கடைக்கெல்லாம் போக வேண்டாம்’, ‘பேசாம படுங்க’ என்று ஆளாளுக்கு அக்கறையோடு அதட்டுவார்கள். ஆனால், நிலைமை சீரான நோயாளிகளுக்கு இதய மருத்துவம் இன்று சொல்வது நேர் எதிர். மாத்திரையைப் போலவே உடற்பயிற்சியும் சிகிச்சையில் சேர்த்தி.

வீட்டாரைக் குறை சொல்வதற்கில்லை. டாக்டர்களே ஒரு காலத்தில் ஓய்வைத்தான் மருந்தாகக் கொடுத்தார்கள். 1960-களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் இதய நிபுணர் ஜார்ஜ் பர்ச், இதயத்தசை தளர்ந்தவர்களை மாதக்கணக்கில் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்.

அந்த ஓய்வுக்கு உடல் கொடுக்கும் விலை என்ன? 1966-ல் டல்லாஸ் நகரில் ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்க வைத்துச் சோதித்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால்பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரைப் பரிசோதித்தபோது, வயது செய்த சேதம் அந்த மூன்று வாரம் செய்ததைவிடக் குறைவாகவே இருந்தது!

கோளாறு இதயத்தில் மட்டுமல்ல

ஹார்ட் ஃபெயிலியரில் இதயம் நின்றுவிடுவதில்லை. உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை அனுப்பத் திணறுகிறது. கூடவே கால் தசைகள் மெலிகின்றன, ரத்தக்குழாய்கள் விரியும் திறன் குறைகிறது. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்க இவையும் காரணம். பயிற்சி முதலில் சீராக்குவது இந்தத் தசைகளையும் குழாய்களையும்தான். 1990-ல் ‘லான்செட்’ இதழில் ஆண்ட்ரூ கோட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 11 நோயாளிகள் வீட்டிலேயே எட்டு வாரம் சைக்கிள் மிதித்தார்கள். அவர்களின் உடல்திறன் கூடியது.

பெரிய ஆய்வு 2009-ல் வந்தது. ‘ஹெச்எஃப்-ஆக்‌ஷன்’ என்ற அந்த ஆய்வில் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நாடுகளின் 2,331 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதலில் கண்காணிப்பில் 36 முறை பயிற்சி, பிறகு வீட்டில். உயிரிழப்பும் ஆஸ்பத்திரி அனுமதியும் சேர்ந்த கணக்கில் சிறிய குறைவுதான். அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பயிற்சி ஆபத்தில்லாதது என்பது தெளிவானது. அன்றாட வாழ்க்கைத் தரமும் ஓரளவு உயர்ந்தது. சிக்கல் வேறிடத்தில். வீட்டுக்கே பயிற்சி இயந்திரம் கொடுத்தும், பெரும்பாலானோர் வாராந்திர இலக்கை எட்டவில்லை.

இதற்கு பிரிட்டனின் ‘ரீச்-ஹெச்எஃப்’ திட்டம் ஒரு வழி காட்டியது. நடைப்பயிற்சி, அல்லது டிவிடி பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சி, இரண்டில் ஒன்றை நோயாளியே தேர்ந்துகொள்ளலாம். நர்ஸ் தொடர்ந்து விசாரிப்பார். கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் தனிக் கையேடு உண்டு.

எப்படித் தொடங்குவது?

டாக்டர் அனுமதித்த பிறகு, முதலில் ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் நடைபாதையில் போய்த் திரும்பி, ஆறு நிமிடத்தில் கடக்கும் தூரத்தை பிசியோதெரபிஸ்ட் குறித்துக்கொள்வார். நடுவே நின்று மூச்சு விட்டுக்கொள்ளலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. கடந்த தூரத்தைப் பார்த்துப் பயிற்சியின் அளவு முடிவாகும். மிகவும் தளர்ந்தவர்களுக்கு ஐந்து, பத்து நிமிட நடையே ஆரம்பம். வேகத்தைக் கூட்டும் முன் நேரத்தைக் கூட்ட வேண்டும். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் அதிகம். தொடக்கத்திலும் முடிவிலும் சில நிமிடம் மெதுநடை அவசியம்.

நெஞ்சுவலி, தலைச்சுற்றல், தாறுமாறான படபடப்பு வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவியை நாட வேண்டும். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். மூன்றே நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, காலில் வீக்கம் கூடினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உடலில் நீர் சேர்கிறது என்று பொருள். டாக்டரைப் பார்க்கும்வரை பயிற்சி வேண்டாம். உடல் தேறியதும், விட்ட அளவிலிருந்து தொடராமல், அதைவிடக் குறைத்தே தொடங்குங்கள்.