நாணயம் அறிந்த மண்டிக்காரர்

பத்திரம், கடன், வழக்கு என்று பேச்சு வந்தால் எங்கள் திருநாவலூர்ப் பக்கம் யாராவது ஒருவர் சுந்தரர் கதையை எடுத்துவிடுவார். புத்தூர்க் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, மாப்பிள்ளையின் பாட்டன் எழுதிக்கொடுத்த அடிமை ஓலை தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறார். மாப்பிள்ளை சுந்தரருக்குக் கோபம் தலைக்கேறுகிறது. ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை; கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. பாட்டனின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒத்துப் பார்த்து, கிழவர் பக்கம் தீர்ப்பாகிறது. வந்த கிழவர் சிவபெருமானே என்று கதை முடியும்.

தனக்கு எதிரான ஓலையைக் கிழித்தவரின் கதை அது. தனக்குப் பணம் வரவேண்டிய பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கே போடாமல் விட்ட ஒரு வியாபாரியின் கதையும் தமிழ்நாட்டில் உண்டு. அவர் சாமியே இல்லை என்றவர். ஆடிச் சுவாதியில் சுந்தரர் குருபூசை நடக்கும் ஊரிலிருந்து அவரைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். ஆனால் மேடையில் முழங்கிய பெரியாரை எல்லோருக்கும் தெரியும். 1938இல் சென்னைப் பெண்கள் மாநாட்டில் பெரியார் என்ற பட்டம் வருவதற்குப் பல வருஷம் முன்பு, ஈரோட்டில் மண்டி நடத்திய, நகராட்சிக்குச் சேர்மனாக இருந்த ஈ.வெ.ராமசாமியை எத்தனை பேருக்குத் தெரியும்?

மூட்டையும் ஏலமும்

அப்பா வெங்கட்ட நாயக்கர் பணக்காரராகப் பிறந்தவர் இல்லை. கல்தச்சர்களிடம் கூலி வேலை, பிறகு வண்டி, பிறகு சின்ன மளிகைக் கடை என்று படிப்படியாக ஏறி ஈரோட்டின் பெரிய வியாபாரி ஆனவர். வீட்டில் பாகவதர்களும் பண்டிதர்களும் வந்து போனபடி இருந்தார்கள். 1879 செப்டம்பர் 17இல் பிறந்த ராமசாமிக்குப் பள்ளிக்கூடம் சில வருஷங்கள்தான். 12 வயதில் அப்பாவின் மண்டிக்கு வந்துவிட்டார். மூட்டைகளுக்கு விலாசம் எழுதுவதும் சரக்கை ஏலம் கூறுவதும் அவர் வேலை. ஓய்ந்த நேரத்தில் வீட்டுக்கு வரும் பண்டிதர்களிடம் குறுக்குக் கேள்வி.

பின்னாளில் அவர் மேடையில் பேசியதை நினைத்துப் பாருங்கள். அலங்காரம் கிடையாது. எதிரில் இருப்பவன் என்ன சொல்வான் என்று தானே கேட்டு, தானே மறுத்து, கடைசி விலைக்கு வந்து நிற்பார். ஏலம் கூறிப் பழகிய வாய் அது.

வாலிபத்தில் அவர் மைனர். அதை அவரும் மறைத்ததில்லை. அப்பாவோடு மனக்கசப்பு முற்றி, 1904இல் சொல்லாமல் கொள்ளாமல் காசிக்குப் போனார். அங்கே அன்னசத்திரங்களில் பிராமணர்களுக்கு மட்டும்தான் சோறு. பசியில் எச்சில் இலையில் கை வைக்கும் நிலை வந்தது. அவரைத் துரத்திய சத்திரங்களில் ஒன்றைக் கட்டிக்கொடுத்தவர் ஒரு தென்னாட்டு வியாபாரி என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். கடவுள் நம்பிக்கையை அவர் இழந்த இடம் காசி என்பார்கள். என் கண்ணுக்கு அது ஒரு வியாபாரிக்குக் கிடைத்த பாடமாகவும் படுகிறது. கொடுக்கிறவன் பணம் ஒரு பக்கம். அதில் யார் சாப்பிடலாம் என்று முடிவு செய்யும் கை வேறு பக்கம். பொதுப் பணம் எங்கே போகிறது என்று பார்க்கத் தெரியாதவன் தர்மம் செய்து பயனில்லை.

ஊர் திரும்பினார். அப்பா மண்டியை மகன் பேருக்கே மாற்றிக் கொடுத்தார்.

சேர்மன் ராமசாமி

ஈரோட்டில் பிளேக் பரவியபோது வசதியுள்ளவர்கள் ஊரைக் காலிசெய்துகொண்டு போனார்கள். மண்டிக்கார ராமசாமி தங்கினார். தூக்க ஆளில்லாத பிணங்களைத் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தார். ஓட்டுக் கேட்டுச் செய்த காரியம் அல்ல அது. ஊர் அவரை நம்பத் தொடங்கியது அங்கேதான்.

பதவிகள் தேடி வந்தன. கௌரவ மாஜிஸ்திரேட், தாலுகா போர்டு, வியாபாரிகள் சங்கம், வாசகசாலை, தேவஸ்தானக் கமிட்டி. ஆம், கோயில் நிர்வாகமும்தான். நம்பிக்கை இல்லாதவரிடம் கோயிலை ஒப்படைக்க அன்றைய ஈரோடு தயங்கவில்லை, கணக்கு சரியாக இருக்கும் என்று தெரிந்ததால்.

1910களின் கடைசியில் நகராட்சியின் சேர்மன் ஆனார். ஆறு ஓடும் ஊரிலும் வீட்டுக்குத் தண்ணீர் தானாக வந்துவிடாது. காவிரித் தண்ணீரைக் குழாயில் ஊருக்குள் கொண்டுவரும் குடிநீர்த் திட்டத்தில் இறங்கினார். நெரிசலான கடைத்தெருவை அகலப்படுத்தினார். கடைத்தெருவை அகலப்படுத்துவது என்றால் யார் கடையை இடிப்பது? கூடவே வியாபாரம் செய்கிறவர்கள், பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கடையைத்தான். சொந்த ஊரில் சேர்மனாக இருப்பதில் உள்ள கஷ்டம் இது. சென்னையிலிருந்து வரும் அதிகாரிக்கு ஆக்கிரமிப்பு ஒரு கோடு. உள்ளூர்க்காரருக்கு அது மாமன் வீட்டுத் திண்ணை.

அதே காலத்தில், 1917 முதல் 1919 வரை, சேலம் நகராட்சிக்குச் சேர்மனாக இருந்தவர் வக்கீல் ராஜாஜி. கல்வராயன் மலைக்கு மேற்கே ஒரு வக்கீல் சேர்மன், அதற்கும் அப்பால் காவிரிக் கரையில் ஒரு வியாபாரி சேர்மன். இருவரையும் நண்பர்களாக்கியது நகராட்சி வேலை. ராஜாஜியும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் அழைக்க, ராமசாமி காங்கிரசுக்கு வந்தார். அரசியலில் எதிரெதிர்த் துருவமாகிப் போன பிறகும் ராஜாஜியோடு அந்த நட்பு முறியவில்லை.

காங்கிரசில் சேரும்போது அவர் வகித்த பொறுப்புகள் 29 என்பார்கள். அத்தனையையும் விட்டார். மண்டி வியாபாரத்தையும் நிறுத்தினார். இன்று ஒரு பதவிக்கு ஆபத்து என்றால் கட்சியையே மாற்றிக்கொள்கிறார்கள். அவர் ஒரு கட்சியில் சேர்வதற்காக எல்லாப் பதவியையும் விட்டார்.

வராக்கடன்

இங்கேதான் பத்திரக் கதை வருகிறது. ஒத்துழையாமை இயக்கத்தில் கோர்ட்டுகளைப் புறக்கணிக்க வேண்டும் என்பது காங்கிரசின் தீர்மானம். வக்கீல்களுக்கு அது தொழிலை விடுவது. வியாபாரிக்கோ கொடுத்த கடனையே விடுவது. ராமசாமி குடும்பத்துக்கு வரவேண்டியிருந்தது சுமார் 50,000 ரூபாய்; அந்தக் காலத்தில் அது பெரிய ஆஸ்தி. சேலம் வக்கீல் விஜயராகவாச்சாரியார், பத்திரங்களைத் தன் பேருக்கு மாற்றிக் கொடுத்தால் வசூலித்துத் தருவதாகச் சொன்னார். நான் செய்யக்கூடாததை உங்களை வைத்துச் செய்தால் மட்டும் சரியாகிவிடுமா என்ற கருத்தில் ராமசாமி மறுத்துவிட்டார். பணம் போனது.

1921இல் கள்ளுக்கடை மறியல். கள்ளுக்கு மரம் விடுகிறவர் மறியலுக்குப் போனால் ஊர் சிரிக்காதா? சேலம் தாதம்பட்டியில் இருந்த சொந்தத் தோப்பில் 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். மறியலில் அவர் சிறை போனார். மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் தெருவுக்கு வந்தார்கள். மறியலை நிறுத்துவது தன் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாகச் சொல்வார்கள்.

கல்லா மட்டும் மூடவில்லை

மண்டியை மூடினாரே தவிர, மண்டிப் புத்தியை விடவில்லை. குழந்தைக்குப் பேர் வைக்கக் காசு, கையெழுத்துக்குக் காசு, படம் எடுத்துக்கொள்ளக் காசு. கஞ்சன் என்றார்கள். சேர்ந்த பணம் இயக்கத்துக்கும் அறக்கட்டளைக்கும் போனது. திருச்சியில் அரசு கல்லூரி வரப் பணம் கொடுத்தார், 1965இல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரே இருக்கிறது. வாங்கும்போது கறாரும் கொடுக்கும்போது தாராளமும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பது நல்ல வியாபாரிகளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது புதிராக இருக்கிறது.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்: நாணயம். இரண்டு பொருளும் ஒரே ஆளிடம் பொருந்தி வருவது அபூர்வம்.

இன்றும் நம் பக்கத்து ஊர்களில் பொது வாழ்க்கைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கடைக்காரர்கள்தான். உளுந்தை வைத்தே பேர் வந்த பேட்டை பக்கத்தில் இருக்கிறது. திருநாவலூர் ஒன்றியத் தலைமையிடம். அரிசி மண்டி, உரக்கடை, ஜவுளிக்கடை நடத்துகிறவர்தான் திருப்பணிக் கமிட்டியிலும் இருப்பார், பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் இருப்பார், ஊராட்சித் தேர்தலிலும் நிற்பார். அதில் தவறில்லை. ஊர் மக்கள் தினமும் வந்து நிற்கும் இடம் கடை. ஊரின் பசியும் கடனும் முதலில் தெரிவது அங்கேதான்.

அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஈரோட்டுக்காரரின் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். அவர் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைப் பணத்தையும் ஊர்ப் பணத்தையும் ஒரே கல்லாவில் போடாதீர்கள். நீங்கள் பொறுப்பு வகிக்கும் கமிட்டியின் வரவு செலவை மாதம் ஒரு தடவை கடை வாசலில் எழுதிப் போடுங்கள். மூல ஓலை ஊர் கண்ணுக்குத் தெரியட்டும்.