இரண்டு அறிந்தால் நான்கும் அறியலாம்

நம் இல்லங்களில் உள்ள மின்கருவி ஒவ்வொன்றின் அடியிலோ பின்புறத்திலோ சிறியதொரு தகடு ஒட்டப்பட்டிருக்கும். அதிற் பொறித்துள்ள எண்களைப் படித்துப் பார்ப்போர் மிகச் சிலரே. கடையில் விலையைக் கேட்கின்றோம், நிறத்தைப் பார்க்கின்றோம், எத்தனை ஆண்டுக்கு உத்தரவாதம் என விசாரிக்கின்றோம். கருவி தன்னைப்பற்றித் தானே கூறும் செய்தியை மட்டும் வாசியாது விட்டுவிடுகின்றோம். பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் அச்செய்தியை விளங்கிக்கொள்ளலாம் என்பதையும், அவ்விளக்கம் ஒரு வீட்டைத் தீயிலிருந்து காக்கவல்லது என்பதையும் இங்கு எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

மின்சுற்று ஒன்றில் அறியவேண்டியவை நான்கு. மின்னைத் தள்ளுவது அழுத்தம். அதன் அலகு வோல்ற்று. கம்பியிற் செல்வது மின்னோட்டம். அதன் அலகு அம்பியர். அவ்வோட்டத்தை எதிர்ப்பது தடை. அதன் அலகு ஓம். ஒவ்வொரு செக்கனிலும் செலவாகும் சக்தியே வலு. அதன் அலகு வாற்று. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். ஓட்டத்தாற் பெருக்கினால் வலு கிடைக்கும். ஆகவே, இந்நான்கில் எவையேனும் இரண்டு தெரியுமாயின், மற்றை இரண்டையும் கணித்துவிடலாம்.

தடைபற்றிய விதியைக் கண்டவர் ஒரு பாடசாலை ஆசிரியர் என்பது எம்போன்றோர்க்கு மகிழ்ச்சி தருவது. பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1789 இல் ஜேர்மனியின் எர்லாங்கன் நகரிற் பிறந்த கேயோர்க் சைமன் ஓம், கொலோன் நகரிலே கணிதமும் பௌதிகமும் கற்பித்துவந்தார். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்னைச் செலுத்தி அளந்து ஆராய்ந்து, 1827 இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். தாய்நாட்டில் அந்நூலுக்கு நல்வரவேற்புக் கிட்டவில்லை. அவர் பதவியையும் துறந்தார். இலண்டன் றோயல் சங்கம் 1841 இல் கொப்ளி பதக்கத்தை அவருக்கு அளித்துச் சிறப்பித்தது. 1881 இல் பாரிஸ் நகரிற் கூடிய மின்னியலாளர் மாநாடு, அவர் பெயரைத் தாங்கிய அலகை உலகப் பொது அலகாக ஏற்றது.

இனி, அவ்விதியை நம் சமையலறைக்குக் கொண்டுவருவோம். இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்படும் அழுத்தம் 230 வோல்ற்று. ஒரு மின்கேத்தில் 10 அம்பியர் ஓட்டத்தை எடுக்கின்றது எனக் கொள்வோம். 230 ஐ 10 ஆல் வகுக்க, அதன் தடை 23 ஓம். 230 ஐ 10 ஆற் பெருக்க, அதன் வலு 2300 வாற்று. 5 அம்பியர் எடுக்கும் ஸ்திரிக்கைப் பெட்டிக்கோ தடை 46 ஓம். வலு 1150 வாற்று. தடை குறைந்த கருவியே மிகுந்த வலுவை எடுக்கின்றது என்பதை மாணவர்கள் கவனிப்பார்களாக.

இவ்விடத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. அக்கேத்திலின் செருகி, சுவரிலுள்ள குதையில் இறுகப் பொருந்தாது தளர்ந்திருக்கின்றது என்க. அத்தளர்ந்த இடத்தில் அரை ஓம் தடை புதிதாகத் தோன்றினால், மொத்தத் தடை 23.5 ஓம் ஆகும். மின்னோட்டம் ஏறத்தாழ 9.8 அம்பியராகக் குறையும். கேத்தில் வழமைபோலவே கொதிக்கும். ஆனால், ஓட்டத்தை அதே ஓட்டத்தாற் பெருக்கி, மீண்டும் தடையாற் பெருக்கிப் பாருங்கள்: அச்சிறு இடத்தில் மட்டும் ஏறக்குறைய 48 வாற்று வலு வெப்பமாகின்றது. ஈயம் பற்றவைக்கும் இரும்பு ஒன்றைச் செருகிக்குள்ளே புதைத்துவைத்ததற்கு இது ஒப்பாகும்.

உருகி நம்மைக் காவாதோ எனச் சிலர் வினவலாம். காவாது. ஓட்டம் அளவுக்கு மிஞ்சினால் மட்டுமே உருகி அறுந்துபோகும். இங்கோ ஓட்டம் குறைந்திருக்கின்றது. காவலன் உறங்கவில்லை, அவன் காணக்கூடிய குற்றம் எதுவும் நிகழவில்லை, அவ்வளவே.

அதே குதையில் ஸ்திரிக்கைப் பெட்டியைச் செருகினால் அங்கு எழும் வெப்பம் சுமார் 12 வாற்றே. ஓட்டம் பாதியானால் வெப்பம் காற்பங்காகும். ஆண்டுக்கணக்காகத் தொல்லை தராத குதை, புதிய கேத்தில் வந்த சில நாட்களிற் கருகுவதன் காரணம் இதுவே. குற்றம் கேத்திலுடையதன்று.

ஆகவே, பெற்றோர்க்கு நாம் கூறுவது இது: கருவியின் தகட்டில் வாற்றுக் கணக்கு இருப்பின், அதனை 230 ஆல் வகுத்து ஓட்டத்தை அறியுங்கள். வெப்பம் தரும் கருவிகளுக்கு இக்கணக்கு நன்கு பொருந்தும். அவ்வோட்டத்தைத் தாங்கவல்ல குதையிலேயே செருகுங்கள். 5 அம்பியர்க் குதையிற் கேத்திலை இணைக்கவேண்டாம். பயன்படுத்தி முடித்து ஆளியை அணைத்தபின், புறங்கையாற் செருகியின் மேற்புறத்தைத் தொட்டுப்பாருங்கள். அது சுடுமாயினும், கருகல் மணமோ கபில நிறமோ தோன்றினும், அக்குதையைப் பயன்படுத்தாது தேர்ந்த மின்தொழிலாளியை அழையுங்கள்.

மாணவர்களே, ஓமின் விதி பரீட்சைத் தாளுடன் முடிவதன்று. இன்றே உங்கள் வீட்டுக் கருவிகளின் தகடுகளைப் படித்து, ஒவ்வொன்றின் ஓட்டத்தையும் கணித்து, ஒரு தாளில் எழுதி அன்னையாரிடம் கொடுங்கள். மின்கம்பியை நீங்கள் தொடவேண்டியதில்லை. பென்சில் ஒன்றே போதும்.