கும்பிடு பூச்சிக்குக் கணக்கு! விளக்குக்கு வராத பெண் பூச்சிகள்

ஓமலூர்,-

சாமி கும்பிடுவது போல இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் ஈ வந்தால் லபக்கென்று பிடித்துத் தின்றுவிடும்!

அதுதான் கும்பிடு பூச்சி. தயிர்க்கடைப் பூச்சி என்றும் சொல்வார்கள். ஓமலூர் பக்கம் கடலைக் காட்டிலும் வேலியிலும் இதைப் பிடித்து விளையாடாத பிள்ளைகள் குறைவு.

எல்லாம் ஒரே பூச்சி என்று நினைத்தால் தவறு. உலகத்தில் சுமார் 2,400 இனங்கள் இருக்கின்றன. இந்தியாவில் 162 இனங்கள் என்று 1995-ம் ஆண்டு முகர்ஜி, ஹஸ்ரா, கோஷ் ஆகிய 3 ஆராய்ச்சியாளர்கள் பட்டியல் வெளியிட்டனர்.

காட்டில் இதை எப்படி எண்ணுகிறார்கள்?

வெள்ளைத் துணி

ராத்திரியில் வெள்ளைத் துணியைக் கட்டி, பளிச்சென்று விளக்குப் போடுவார்கள். வெளிச்சத்துக்குப் பறந்து வரும் பூச்சிகள் துணியில் உட்காரும். எண்ணிவிடலாம்.

இங்கேதான் சிக்கல்! பல இனங்களில் நன்றாகப் பறப்பது ஆண்தான். பெண்ணுக்கு வயிறு பெருத்திருக்கும், இறக்கை குட்டை. சில இனங்களில் பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. அது விளக்குக்கு வராது.

புதர்ப் புலி

2013-ல் ஆப்பிரிக்காவின் ருவாண்டா நாட்டில், நியுங்வே தேசியப் பூங்காவில் அமெரிக்க மாணவர் ரைலி டெட்ரோவும் குழுவினரும் கணக்கு எடுத்தனர். ஆண் பூச்சி விளக்குக்கு வந்தது. இறக்கை இல்லாத பெண்ணோ தரையில், செடி கொடிகளுக்கு இடையே இரை தேடித் திரிந்தது! அது புது இனம் என்று 2014-ல் அறிவிக்கப்பட்டது. வைத்த பெயருக்கு 'புதர்ப் புலி' என்று அர்த்தம்.

நம்ம ஊர் மலை

ஓமலூருக்குக் கிழக்கே தெரியும் சேர்வராயன் மலைக் காப்புக் காடுகளுக்கும் இதே பாடம்தான். வனத்துறை அனுமதியோடு ராத்திரி விளக்கு வைத்தால் மட்டும் போதாது. பகலில் செடியைத் தட்டி, கீழே விரித்த துணியில் விழுவதைப் பார்க்க வேண்டும். சருகு, மரப்பட்டை, புல் எல்லாம் தேட வேண்டும்.

தீ வைத்தால்...

கோடையில் காட்டில் தீப்பிடித்தால் ஆண் பறந்து தப்பலாம். பறக்க முடியாத பெண்ணும், குச்சியில் ஒட்டிய முட்டைக் கூடும் கருகிவிடும். கணக்கில் விடுபட்டது எதுவோ, அதுதான் முதலில் அழியும்!

வேலியோரம் தீ வைக்கும் முன் குச்சிகளைக் கொஞ்சம் பாருங்கள். காய்ந்த நுரை போல ஒட்டியிருந்தால் அது கும்பிடு பூச்சியின் கூடு. அந்த ஒரு கூட்டிலிருந்து டஜன் கணக்கில் குஞ்சுகள் வெளிவரும்.